வயலில் தவறும் பசளையும் கடலில் குறையும் மீனும்: கருங்கடல் தரும் பாடம்

எமது வயல் கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், அதன் வக்கடையால் வெளியேறும் நீர் ஒரு நாள் கடலைச் சென்றடையும். வயலிலிருந்து கழிவு வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து களப்புக்கும் கடலுக்கும் அந்த நீர் செல்கிறது. அருவி ஆறு மன்னார்க் கடலில் விழுகிறது. கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பிச் சுண்டிக்குளம் களப்பை அடைகிறது. மலைநாட்டில் தொடங்கும் மகாவலி கொட்டியாரக் குடாவில் முடிகிறது. நீர் தனியே போவதில்லை. நாம் கடன்பட்டு வாங்கி இட்ட பசளையின் ஒரு பகுதியையும் தன்னோடு எடுத்துச் செல்கிறது.

இடம்பெயர்ந்து, மீண்டும் காணிக்குத் திரும்பி, பற்றை வெட்டி, வரம்பு கட்டி, முதலிலிருந்து கமத்தைத் தொடங்கிய குடும்பங்களுக்கு ஒரு மூடை பசளையின் பெறுமதியை நாம் சொல்லத் தேவையில்லை. சொந்தக் காணிக்கு இன்னும் திரும்ப முடியாமல், குத்தகைக் காணியில் பயிர் செய்யும் குடும்பங்களும் எம்மிடையே உண்டு. அவர்களுக்கு அந்தப் பெறுமதி இன்னும் நன்றாகத் தெரியும். பயிருக்குச் சேராமல் ஓடிப்போகும் பசளை இரண்டு முறை நட்டம் தருகிறது. முதல் நட்டம் கமக்காரருடைய மடியில். இரண்டாவது நட்டம் கடற்றொழிலாளருடைய வலையில். இந்த இரண்டாவது நட்டம் எப்படி ஏற்படுகிறது, அதைத் தடுக்க முடியுமா என்பதை ஐரோப்பாவின் ஒரு நதியையும் ஒரு கடலையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

பயிரின் உணவு கடலுக்குக் கேடாவது எப்படி?

யூரியாவில் 46 வீதம் நைதரசன் இருக்கிறது. அதாவது 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. நெல் வயலில் வழக்கமான முறையில் வீசும்போது, பயிர் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான். மிகுதியில் ஒரு பகுதி வாயுவாகி வளிமண்டலத்துக்குப் போகிறது. ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. ஒரு பகுதி நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. இன்னொரு பகுதி மேலால் ஓடும் நீரோடு வாய்க்காலில் கலக்கிறது. பொசுபரசு வேறு விதமாகப் போகும். அது மண்துணிக்கைகளோடு ஒட்டிக்கொள்ளும். எனவே மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்லும்போது பொசுபரசும் அந்த மண்ணோடு ஆற்றுக்குப் போகிறது. மாட்டுப்பட்டியின் சாணமும் சலமும், மலசலகூடக் கழிவும், சில சவர்க்காரத் தூள்களிலுள்ள பொசுபேற்றும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

இந்த ஊட்டப்பொருட்கள் கடலுக்கு வந்ததும் அங்கும் பயிரை வளர்க்கின்றன. ஆனால் அது எமக்குப் பயன்படும் பயிரல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அல்காக்கள். அவை பெருகி நீரைப் பச்சையாகவோ செந்நிறமாகவோ கபில நிறமாகவோ மாற்றுகின்றன. சூரிய ஒளி அடித்தளத்துக்குப் போகாது. அங்கு வளரும் கடற்புற்கள் வாடுகின்றன. சில நாட்களில் அல்காக்கள் இறந்து அடியில் படிகின்றன. அவற்றை உக்கச் செய்யும் பற்றீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொள்கின்றன. ஆற்றுநீர் உப்புக் குறைந்தது, இலேசானது. ஆகவே அது கனமான கடல்நீரின் மேல் ஒரு மூடிபோலப் படுத்துக்கொள்கிறது. வெப்பகாலத்தில் அந்த மூடி இன்னும் இறுக்கமாகிறது. மேலேயுள்ள காற்று அடிநீருக்குக் கலந்து இறங்குவதில்லை.

இதைப் போன்ற ஒன்றை நாம் எமது குளங்களிலேயே பார்த்திருக்கிறோம். பாசி தடித்து நிற்கும் காலத்தில், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இரவு முழுவதும் ஒட்சிசன் செலவாகி, மூச்சுக்குத் தவிக்கும் நிலை அது. கடலில் ஒரு லீற்றர் நீரிலுள்ள ஒட்சிசன் 2 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால், நீந்தக் கூடிய மீன்கள் அவ்விடத்தை விட்டு ஓடிவிடும். ஓட முடியாத மட்டி, சிப்பி, புழு, நண்டுக் குஞ்சுகள் இறந்துவிடும். இப்படிப்பட்ட பகுதியை விஞ்ஞானிகள் 'இறந்த வலயம்' என்று அழைக்கிறார்கள். 2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு உலகக் கரையோரங்களில் இத்தகைய இடங்கள் 400க்கு மேல் இருப்பதாகவும், அவற்றின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 245,000 சதுர கிலோமீற்றர் என்றும் கணக்கிட்டது.

டானியூப் நதியும் கருங்கடலும்

டானியூப் நதி ஜேர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் தொடங்கி, ஏறக்குறைய 2,850 கிலோமீற்றர் ஓடி, உருமேனியாவும் உக்ரேனும் சந்திக்கும் கழிமுகத்தில் கருங்கடலில் விழுகிறது. நதி 10 நாடுகளைத் தொட்டுச் செல்கிறது. அதற்கு நீர் தரும் நிலப்பரப்போ 19 நாடுகளில் பரந்திருக்கிறது. அங்கு சுமார் 8 கோடி மக்கள் வாழ்கிறார்கள். ஒஸ்திரியாவில் ஒரு கமக்காரர் வீசிய பசளையின் மிச்சம் உருமேனிய மீனவரின் கடலுக்கு வந்து சேரும். இருவரும் ஒருவரையொருவர் ஒருநாளும் கண்டிருக்க மாட்டார்கள்.

கருங்கடலுக்கு இயற்கையிலேயே ஒரு குறைபாடு உண்டு. ஏறக்குறைய 150 தொடக்கம் 200 மீற்றர் ஆழத்துக்குக் கீழே அதில் ஒட்சிசன் இல்லை. எனவே மீன்வளம் மேல்நீரிலும் ஆழங்குறைந்த கரையோரத்திலுமே தங்கியிருக்கிறது. வடமேற்குப் பகுதியே அக்கடலின் மிகப் பரந்த ஆழங்குறைந்த பகுதி. டானியூப், நீப்பர், நீஸ்டர் ஆகிய நதிகள் விழுவதும் அங்கேதான். அங்கே கடலடியில் ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் செம்பாசி வயலொன்று இருந்தது. மீனுக்கும் நண்டுக்கும் அதுவே வீடாகவும் தீனிக்களமாகவும் விளங்கியது.

1960களிலிருந்து டானியூப் நாடுகளில் இரசாயனப் பசளைப் பாவனை வேகமாக உயர்ந்தது. கிழக்கு ஐரோப்பாவில் அரசுகளே பசளையை மலிவாகக் கொடுத்தன. ஆயிரக்கணக்கான பன்றிகளையும் மாடுகளையும் ஓரிடத்தில் அடைத்து வளர்க்கும் பெரும் பண்ணைகள் எழுந்தன. அவற்றின் கழிவு ஆற்றுக்குப் போனது. நகரங்களின் கழிவுநீரும் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலே கலந்தது.

விளைவு 1973இல் வெளிப்பட்டது. வடமேற்குக் கரையோரத்தின் அடிநீரில் ஒட்சிசன் குறைந்து, ஏறக்குறைய 3,500 சதுர கிலோமீற்றர் பரப்பில் உயிரினங்கள் இறந்தன. அதன்பின் அந்தப் பரப்பு விரிந்துகொண்டே போய், 1990 அளவில் 40,000 சதுர கிலோமீற்றரை எட்டியது. இது எமது இலங்கைத் தீவின் பரப்பில் ஐந்தில் மூன்று பங்கு. 1973 தொடக்கம் 1990 வரை இறந்த அடித்தள உயிரினங்கள் 6 கோடி தொன் என்றும், அதில் மீன்கள் மாத்திரம் 50 இலட்சம் தொன் என்றும் மதிப்பிடப்பட்டது. செம்பாசி வயல் ஏறக்குறைய 500 சதுர கிலோமீற்றராகச் சுருங்கியது.

இதற்குப் பசளை மாத்திரம் காரணம் என்று சொல்வது சரியாகாது. அளவுக்கு மிஞ்சிய மீன்பிடியும் இருந்தது. 1980களில் அமெரிக்கக் கரையோரத்திலிருந்து கப்பல்களின் அடிநீரோடு சொறிமுட்டையைப் போன்ற ஓர் இழுது உயிரி வந்து சேர்ந்து, நெத்தலிக் குஞ்சுகளின் தீனியை உண்டு பெருகியது. ஆனால் ஊட்டப்பொருள் மிகுந்து ஏற்கெனவே நோயுற்றிருந்த கடலில் அது இலகுவாகக் காலூன்றியது. உடல் பலவீனப்பட்டவரை எந்த நோயும் இலகுவாகப் பிடிப்பது போன்ற நிலைமை அது.

கடல் மீளத் தொடங்கியது எப்படி?

1989க்கும் 1991க்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவின் கம்யூனிச ஆட்சிகளும் சோவியத் ஒன்றியமும் வீழ்ந்தன. பசளைக்கான அரச மானியம் நின்றது. கமக்காரருக்குப் பசளை வாங்கக் கையில் பணம் இல்லை. அந்நாடுகளில் பசளைப் பாவனை பாதிக்கும் மேலாகக் குறைந்தது. பெரும் விலங்குப் பண்ணைகள் பல மூடப்பட்டன. யாரும் திட்டமிடாமலே ஆற்றுக்குப் போன ஊட்டப்பொருள் குறைந்தது.

சில ஆண்டுகளில் கடல் பதில் சொன்னது. 1990களின் நடுப்பகுதியில் இறந்த வலயம் வெகுவாகச் சுருங்கியது. அடித்தளத்தில் மட்டிகளும் நண்டுகளும் மீண்டும் காணப்பட்டன. ஆனால் எல்லாம் முன்போல் ஆகவில்லை. பல ஆண்டுகளாக மண்ணிலும் ஆற்றுப் படுக்கையிலும் கடலடிச் சேற்றிலும் சேர்ந்திருந்த பொசுபரசும் நைதரசனும் மெல்ல மெல்லவே வெளியேறுகின்றன. கெடுக்க எடுத்த காலத்தைவிடத் திருத்த எடுக்கும் காலம் நீண்டது. மீண்டதும் நிலையானதல்ல. 2023 ஜூன் மாதம் போரின் நடுவே நீப்பர் நதியின் ககோவ்கா அணைக்கட்டு உடைந்தபோது, வெள்ளம் ஊர்களின் கழிவையும் வயல்களின் மண்ணையும் ஒரேயடியாகக் கருங்கடலுக்குள் கொண்டுபோய்க் கொட்டியது.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். கடல் மீண்டது நல்லது. ஆனால் அது மீள்வதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது? வேலை இழந்தோரும், விளைச்சல் குறைந்தோரும், ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடிப் போனோரும் அந்த விலையைக் கொடுத்தார்கள். கமக்காரர் நொந்துபோவதால் கடல் சுகப்படுவது எவரும் விரும்பத்தக்க வழியல்ல. கமமும் கெடாமல் கடலும் கெடாமல் இதைச் செய்ய முடியுமா என்பதே டானியூப் நாடுகள் அடுத்து எதிர்கொண்ட கேள்வி.

அறிவினால் வரும் குறைப்பு

1994இல் பல்கேரியாவின் சோபியா நகரில் டானியூப் பாதுகாப்பு உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. 1998இல் அது நடைமுறைக்கு வந்தது. வியன்னாவில் இயங்கும் ஓர் ஆணைக்குழுவில் இன்று 14 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் அங்கம் வகிக்கின்றன. மேல்நதி நாடுகள் கழிவுநீரிலிருந்து நைதரசனையும் பொசுபரசையும் அகற்றும் நிலையங்களை அமைத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜூன் முதல் வீட்டுச் சலவைத் தூள்களில் பொசுபேற்றை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது.

எமக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் உருமேனியாவின் கலராஷ் மாவட்டத்தில் நடந்தது. டானியூப் கரையோரத்தில் உள்ள அந்த மாவட்டத்தில் பெரும்பாலான குடும்பங்கள் சிறு கமக்காரர். மாடு, பன்றி, கோழி வளர்ப்பவர்கள். எருவை வீட்டுக்குப் பின்னால் திறந்த குவியலாகவோ, ஓடைக்கரையிலோ போட்டுவந்தார்கள். மழை அதைக் கரைத்தது. கிணறுகளில் நைத்திரேற்று ஏறியது. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர், உலக வங்கியின் ஊடாக வந்த உதவியோடு அங்கே எளிய வேலையொன்று தொடங்கப்பட்டது. நீர் கசியாத தளமும் சுற்றுச்சுவரும் கொண்ட எருத் தொட்டிகள் வீடுகளிலும், பொது எருத்தளங்கள் கிராமங்களிலும் கட்டப்பட்டன. சேர்ந்து உக்கிய எரு வயலுக்குப் போனது. கரைந்து வீணான பொருள் பயிருக்குச் சேர்ந்ததால், வாங்கும் பசளைக்குப் பதிலாக அதைப் பயன்படுத்த முடிந்தது. ஆறும் கிணறும் கடலும் ஒரே வேலையால் பயன் பெற்றன.

தீர்மானம் எடுத்தால் மாத்திரம் போதாது என்பதையும் உலகம் கண்டிருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி நதி விழும் மெக்சிக்கோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் ஓர் இறந்த வலயம் உண்டாகிறது. 2015க்குள் அதை 5,000 சதுர கிலோமீற்றருக்குக் குறைப்பது என 2001இல் இலக்கு வைத்தார்கள். ஆனால் 2017இல் அது 22,720 சதுர கிலோமீற்றராக அளக்கப்பட்டது. இலக்கின் ஆண்டு 2035க்குத் தள்ளிவைக்கப்பட்டது. கடதாசியில் எழுதிய இலக்கு வயலுக்கு இறங்கி வராவிட்டால் கடலுக்கு அது தெரியாது.

எமது நாட்டின் அனுபவம்

குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. இதை எமது நாடு மிகக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. 2019 ஒக்ரோபரில், நைதரசன் வீணாவதை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் நோக்கத்தை முன்வைத்த பிரகடனம் கொழும்பிலேயே வெளியிடப்பட்டது. அது நல்ல நோக்கம். ஆனால் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. போதிய சேதனப் பசளையும் இல்லை. பழகிக்கொள்ளக் கால அவகாசமும் இல்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும் காலபோகத்துக்கு அது பிந்திவிட்டது. நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. மஞ்சளாகி நின்ற வயல்களை நாம் மறக்கவில்லை.

அந்த அனுபவத்தின் பின், 'பசளையைக் குறையுங்கள்' என்று எவராவது சொன்னால் கமக்காரர் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. ஆகவே இதைத் தெளிவாகச் சொல்கிறோம்: பயிரின் வாயிலிருந்து எடுக்கும்படி நாம் கேட்கவில்லை. வாய்க்காலுக்குப் போவதைத் தடுக்கும்படியே கேட்கிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரிய ஆறு எதுவும் இல்லை. எனவே இது அங்குள்ளோருக்குப் பொருந்தாது என்று எண்ண வேண்டாம். அங்கு சுண்ணாம்புக் கல்லினூடாகப் பசளையும் மலசலகூடக் கழிவும் நேரே கிணற்றுக்கு இறங்குகின்றன. தீவிரமாகத் தோட்டம் செய்யும் பகுதிகளில் பல கிணறுகளின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக் கூடும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது.

நாம் செய்யக்கூடியவை

1. யூரியாவைப் பிரித்து இடுவோம். நாற்றின் வேர் சிறிதாக இருக்கும்போது கூடுதலாக இட்டால் அதை எடுத்துக்கொள்ள வேர் இல்லை. மட்டம் வெடிக்கும் பருவத்திலும் கதிர் உருவாகும் பருவத்திலும் பயிரின் தேவை பெரிது. விவசாயத் திணைக்களம் உங்கள் பகுதிக்கும் நெல்லின் வயதுக்கும் ஏற்ப விதந்துரைத்த அளவைப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

2. இலையைப் பார்த்து இடுவோம். பச்சை நிறத்தின் வெவ்வேறு சாயல்களைக் கொண்ட இலை வர்ண அட்டை ஒன்று உண்டு. இலையின் நிறம் குறித்த சாயலைவிட வெளிறியிருந்தால் மாத்திரம் யூரியா தேவை. பக்கத்து வயல்காரர் வீசிவிட்டார் என்பதற்காக நாமும் வீச வேண்டியதில்லை.

3. வக்கடையை மூடிய பின் வீசுவோம். தேங்கி நிற்கும் நீரைக் குறைத்து, ஈரமண்ணில் யூரியாவை இட்டு, பின்னர் அளவாக நீர் கட்ட வேண்டும். ஒரு வாரம் வரை நீரை வெளியே விடக் கூடாது. கனமழை வரும் போலிருந்தால் ஓரிரு நாள் பொறுப்போம்.

4. மண்ணைப் பரிசோதிப்போம். பல ஆண்டுகளாகப் பொசுபேற்றுப் பசளை இட்ட வயலில் அது மண்ணிலேயே சேர்ந்திருக்கும். பரிசோதனை போதும் என்று சொன்னால் அந்தப் போகம் அந்தச் செலவு மிச்சம்.

5. எருவை மூடி வைப்போம். பட்டியும் எருக்குவியலும் கிணற்றுக்கும் ஓடைக்கும் அருகில் இருக்கக் கூடாது. மேட்டு நிலத்தில், களிமண் இறுக்கிய தளத்தில், சுற்றிவர வரம்பு கட்டி, மேலே கிடுகோ தகரமோ போட்டால் போதும். கலராஷ் மக்கள் சீமெந்தில் செய்ததை நாம் களிமண்ணிலும் கிடுகிலும் தொடங்கலாம்.

6. வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே கொடுப்போம். வரம்போரம் கிளிசரியா நட்டுத் தழையை மண்ணில் மிதிப்போம். இரு போகங்களுக்கு இடையில் பயறு, உழுந்து, சணல் போட்டால் அவற்றின் வேர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குக் கொண்டுவரும்.

7. ஆற்றங்கரையை ஆற்றுக்கு விடுவோம். கரையோரத்தில் ஒரு பட்டி நிலத்தை உழாமல், புல்லும் நாணலும் மருதும் வளர விட்டால், அது அரித்து வரும் மண்ணையும் பசளையையும் பிடித்து வைக்கும். களப்போரக் கண்டல்களும் இதே வேலையைச் செய்கின்றன. குத்தகைக் காணியில் இருப்போர் தனியே இதைத் தீர்மானிக்க முடியாது. கமக்காரர் அமைப்பு காணி உரிமையாளரோடு பேச வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே போகத்தில் செய்ய வேண்டியதில்லை. ஒரு குடும்பம் வயலின் ஒரு துண்டில் இவற்றில் இரண்டைச் செய்து பார்க்கட்டும். இட்ட பசளை, செலவான பணம், கிடைத்த நெல் ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறித்துவைத்து, மற்றத் துண்டோடு ஒப்பிடட்டும். கண்ணால் கண்ட கணக்கே அயலவரை நம்ப வைக்கும்.

டானியூப் நதியின் மேற்கரையில் வாழ்ந்தவருக்குக் கழிமுகத்து மீனவரைத் தெரியாது. எமது நாட்டில் அந்தத் தூரம் மிகக் குறைவு. முகாம்களில் கமக்காரக் குடும்பமும் கடற்றொழில் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றன. எமது வாய்க்கால் நீர் யாருடைய வலையைச் சென்று சேர்கிறது என்பது எமக்குத் தெரியும். அவர்களோடு உட்கார்ந்து பேசவும் எம்மால் முடியும்.

குழுவாகக் கலந்துரையாட:

அ. உங்கள் வயலின் கழிவு நீர் எந்த வாய்க்கால், எந்த ஆறு, எந்தக் களப்பு வழியாகக் கடலை அடைகிறது? ஒரு பெரிய கடதாசியில் வரைந்து பாருங்கள்.

ஆ. சென்ற போகத்தில் எத்தனை மூடை யூரியா இட்டீர்கள்? எந்த நாட்களில்? அதன்பின் எத்தனை நாளில் மழை பெய்தது?

இ. உங்கள் ஊரில் எருக்குவியல்கள், மலசலகூடங்கள், கிணறுகள் எவ்வளவு இடைவெளியில் உள்ளன?

ஈ. அடுத்த கூட்டத்துக்கு அயல் கடற்றொழிலாளர் சங்கத்திலிருந்து இருவரை அழையுங்கள். களப்பில் எந்த மாதங்களில் நீர் நிறம் மாறுகிறது, எப்போது மீன் குறைகிறது என்று அவர்களிடம் கேளுங்கள். அந்த மாதங்களை உங்கள் பசளை இடும் நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.